ஒன்பதாம் லைனை நிறுத்திய அண்ணி

எங்கள் வம்சத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவன் நான். இதை என் வாயால் கேட்டவர்களைவிட என் அண்ணி வாயால் கேட்டவர்கள்தான் அதிகம். பால்காரர், கேஸ் சிலிண்டர் தூக்கி வருபவர், மாடிக்குப் புதிதாகக் குடிவந்தவர்கள் என்று யாரைப் பார்த்தாலும் இரண்டாவது வாக்கியத்திலேயே, "எங்க கொழுந்தன் கணக்குல டிகிரி" என்று சொல்லிவிடுவார். கறுப்பு அங்கியும் தொப்பியுமாக நான் நிற்கிற படத்தைக் கூடத்தில் மாட்டியதும் அவர்தான். ஆணி அடித்துத் தருகிறேன் என்று அண்ணன் பத்து நாள் கடத்தினார். பதினோராம் நாள் அண்ணி நாற்காலிமேல் ஏறித் தானே அடித்துவிட்டார். படம் இடப்பக்கம் கொஞ்சம் சாய்ந்திருக்கும். யாராவது சொன்னால், "அவன் படிச்சது நேராத்தான இருக்கு, அது போதும்" என்பார்.

அண்ணி எட்டாம் வகுப்போடு நின்றவர். பதினோரு வருடமாகச் சட்டை தைக்கும் கம்பெனியில் வேலை. அங்கே ஒரு சட்டையை ஒருவரே முழுதாகத் தைப்பது கிடையாது. முப்பத்திரண்டு மிஷின்கள் வரிசையாக இருக்கும். அதற்கு லைன் என்று பெயர். ஒருவருக்குப் பாக்கெட் மட்டும், ஒருவருக்குக் காலர் மட்டும், இன்னொருவருக்குப் பட்டன்துளை மட்டும். ஒரு முனையில் துண்டுத் துணியாக நுழைவது மறுமுனையில் சட்டையாக வெளியே வரும். தைக்கிற பாகமே அங்கே ஆளுக்குப் பெயராகிவிடும். காலர் அக்கா, பாக்கெட் அக்கா, பட்டன் அண்ணன். ஒன்பதாம் லைனில் சட்டைக்குக் கை பொருத்துவது அண்ணியின் வேலை. "பதினோரு வருஷமா கை வெச்சிட்டிருக்கேன், ஒருத்தன்கூட திருப்பி அடிச்சதில்ல" என்பார்.

ஆனால் அவரை யாரும் கை அக்கா என்று கூப்பிடுவதில்லை. பொன்மொழி அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள்.

ஆறு வருடங்களுக்கு முன் கம்பெனிக்காரர்கள் ஒவ்வொரு லைனின் தலைமாட்டிலும் ஒரு கரும்பலகை மாட்டினார்கள். மேலே அன்றைய இலக்கு, கீழே அன்றைய வாசகம். விடாமுயற்சி, சுறுசுறுப்பு, இவை இரண்டைத் தவிர வேறெதைப் பற்றியும் எழுதக்கூடாது என்று உத்தரவு. வாசகம் படித்தால் தையல் வேகம் கூடும் என்று மேலிடத்தில் யாரோ நம்பியிருக்கிறார்கள். கையெழுத்து உருண்டையாக இருந்த குற்றத்துக்காக ஒன்பதாம் லைனில் அண்ணி மாட்டிக்கொண்டார்.

தினசரிக் காலண்டர் தாள், மருந்துக்கடை உறை, லாரியின் முதுகு என்று பொறுக்கிச் சேர்த்தது இரண்டு மாதத்தில் தீர்ந்துவிட்டது. பிறகு சொந்தச் சரக்கை இறக்கினார். 'நாளைக்கு என்று ஒத்திவைத்த வேலைக்கு, நாளைக்கும் ஒரு நாளை உண்டு.' 'முடியாது என்று மூன்று பேரிடம் சொல்லும் நேரத்தில் பாதி முடிந்திருக்கும்.' 'முதல் தையல் கோணினாலும் பரவாயில்லை, ஊசியை இறக்கு.' மற்ற லைன்காரர்கள் சாப்பாட்டு இடைவேளையில் வந்து அதைத் தங்கள் பலகைக்கு எழுதிக்கொண்டு போவார்கள். நாலாம் லைன்காரர் ஒருமுறை எழுதிக்கொண்டு போனதோடு நிற்காமல் கீழே தன் பேரையும் போட்டுக்கொண்டார். அண்ணி அங்கே போய்ப் பார்த்துவிட்டு வந்து, "பரவால்ல, கையெழுத்து நல்லா இருக்கு" என்றார்.

பழக்கம் வீட்டுக்கும் தொற்றியது. துவைக்கும் மிஷின்மேல், 'தொடங்கு.' அரிசி டின்மேல், 'தீரும் முன்பே எழு.' குளியலறைக் கதவின் உட்பக்கம், 'அடுத்தவர் காத்திருக்கிறார் என்பதை மறவாதே.' அண்ணன் அலுமினியக் கதவு, ஜன்னல் பொருத்துகிறவர். வாய் கொஞ்சம் நீளம்.

"இந்த வீட்ல சுண்ணாம்பவிட வாசகம்தான்டா ஜாஸ்தி. துவைக்கிற மிஷினுக்கே புத்தி சொல்ற ஒரே பொம்பளை உங்கண்ணிதான்."

"புத்தி சொன்னா அது கேக்குது. நீங்க கேக்கறீங்களா?"

"நான் மிஷினா?"

"மிஷினா இருந்தா ஆணி அடிச்சிருப்பீங்க."

அண்ணனுக்கும் கையில் ஒரு ஆயுதம் இருந்தது. கம்பெனியில் சூப்பர்வைசர் வேலைக்கு உள்ளிருந்தே ஆள் எடுத்தபோது அண்ணி விண்ணப்பத் தாள் வாங்கி வந்தார். நிரப்பினார். பாய்க்கு அடியில் வைத்தார். கொடுக்கப் பயந்து மூன்று வாரம் அதன்மேலேயே படுத்துத் தூங்கினார். கடைசித் தேதி போய்விட்டது. அந்த வாரம் பலகையில் அண்ணி எழுதியிருந்தது, 'இன்றே செய்.' அண்ணன் இதை எத்தனையாவது முறை சொன்னாலும் முதல் முறை சொல்வதுபோல் சிரித்துக்கொண்டே சொல்வார். அண்ணியும் சிரிப்பார். "எழுதினவ செய்யணும்னு எந்தச் சட்டத்துல இருக்கு? டாக்டருக்கு ஜுரமே வராதா?"

இரண்டாவது முறை தாளைக் கொடுத்தார். எழுத்துத் தேர்வில் சதவீதக் கணக்கு கேட்டுவிட்டார்கள். வெறும் தாளைக் கொடுத்துவிட்டு வந்து மிஷினில் உட்கார்ந்தார்.

மூன்றாவது முறை வந்தபோது நிலைமை வேறாக இருந்தது. அதற்குள் அண்ணியின் முதுகு கெட்டுவிட்டது. எட்டு மணி நேரம் குனிந்து உட்கார்ந்தே செய்யும் வேலை. மருத்துவர் படத்தை விளக்கின் முன் பிடித்து எலும்புக்கு நடுவே குறுகிப்போன இடத்தைக் காட்டினார். "இன்னும் ஆறு மாசம் இப்படியே உட்கார்ந்தீங்கன்னா அப்புறம் எழுந்திருக்கவே முடியாது. நடக்கற வேலையா மாத்திக்கோங்க. இல்லன்னா விட்டுடுங்க" என்றார்.

கம்பெனியில் நடக்கிற வேலை ஒன்றே ஒன்றுதான். சூப்பர்வைசர் காலை முதல் மாலைவரை லைனின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்துகொண்டே இருக்க வேண்டும். அது கிடைக்காவிட்டால் வீட்டில் உட்கார வேண்டியதுதான். ஃப்ளோர் மேனேஜர் வேறு தெளிவாகச் சொல்லிவிட்டார்: "நாப்பது வயசுக்கு மேல எடுக்கறதில்லம்மா. உங்களுக்கு இதான் கடைசி."

அண்ணிக்கு அப்போது முப்பத்தொன்பது வயது, எட்டு மாதம்.

நான் அந்தக் கம்பெனியில் சேர்ந்து நாலு மாதம் ஆகியிருந்தது. அண்ணிதான் மேனேஜரிடம் என்னைப் பற்றிச் சொல்லிச் சொல்லி, அந்தத் தொல்லை தாங்காமலேயே அவர் என்னை எடுத்தார் என்று நினைக்கிறேன். நேரக் கணிப்பு உதவியாளர் என்பது என் பதவி. கையில் ஸ்டாப்வாட்ச், ஒரு அட்டை. ஒவ்வொருவர் பின்னாலும் நின்று, ஒரு பாகம் தைக்க எத்தனை நொடி ஆகிறது, எங்கே நேரம் வீணாகிறது என்று குறிக்க வேண்டும். "வீட்ல அவ உனக்குச் சோறு போடறா. கம்பெனில நீ அவ பின்னாடி நின்னு நேரம் பாக்கற. நல்லா இருக்குடா நியாயம்" என்றார் அண்ணன்.

சதவீதத்தை நான் சொல்லிக்கொடுத்தேன். புத்தகத்துக் கணக்குகள் எதுவும் அவருக்கு ஏறவில்லை. 'இலக்கு அறுநூறு, தைத்தது ஐநூற்று நாற்பது' என்று கேட்டால் மட்டும் விரல்விட்டு எண்ணாமலே விடை வந்தது. பத்து நாளில் தேறிவிட்டார். ஒருநாள் பாத்திரம் துலக்கிக்கொண்டே, "தம்பி, உங்கண்ணன் சொன்ன வேலைல எத்தன சதவீதம் செஞ்சிருக்காருன்னு கணக்குப் போட்டேன். ஏழு" என்றார்.

எழுத்துத் தேர்வில் தேறினார். மிச்சம் இருந்தது ஒரு வாரச் சோதனை. திங்கள் முதல் சனிவரை ஒன்பதாம் லைன் அவர் பொறுப்பு. ஒரு நாளைக்கு அறுநூறு சட்டை. வாரத்துக்கு மூவாயிரத்து அறுநூறு. அது வந்தால் வேலை அவருக்கு.

திங்கட்கிழமை காலையில் பலகையில் வாசகம் எழுதும்போது ஒரே வரியை அவர் மூன்று முறை அழித்து எழுதியதைப் பார்த்தேன். பிறகு கேட்டேன், "இத்தனை எழுதறீங்களே அண்ணி, நிஜமாவே இதெல்லாம் தைரியம் குடுக்குமா?"

"வாசகம் ஒண்ணும் பண்ணாது தம்பி. எழுதும்போது எழுத்து கோணக்கூடாதுன்னு கவனம் அதுல போயிடும். பயப்படறதுக்கு நேரம் இருக்காது. எழுதி முடிச்சுத் திரும்பினா லைன் ஓட ஆரம்பிச்சிருக்கும். அவ்ளோதான்."

எனக்கு அது கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது. நான் நிஜமாகவே அவர் வாசகங்களை நம்பியிருந்தேன். கல்லூரியில் விடுதிச் சுவரில் அவர் அனுப்பிய நாலைந்தை ஒட்டி வைத்திருந்தேன். இரண்டாம் ஆண்டில் ஒரு தாளில் தோற்று மூட்டையைக் கட்டிய அன்று, 'ஒரு பீஸ் கெட்டால் துணிக்கட்டு முழுவதையும் தூக்கி எறிவாயா?' என்பதைப் பார்த்துவிட்டுத்தான் மூட்டையை அவிழ்த்தேன்.

திங்கள் ஐநூற்று எழுபது. செவ்வாய் ஐநூற்று எண்பது. இரண்டே நாளில் ஐம்பது குறைவு. அண்ணி அன்று மாலை சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே இருந்தார். புதன்கிழமை பலகையில், 'கண்ட குறையைக் கண்ட இடத்திலேயே தீர்' என்று எழுதியிருந்தது. எனக்கென்றே எழுதியதுபோல் பட்டது. நான் செயலில் இறங்கினேன்.

என் அட்டையில் ஒரு குறை பல நாளாகவே இருந்தது. துணி வெட்டும்போது அடுக்கடுக்காக விரித்து வெட்டுவார்கள். ஒரே அடுக்கிலிருந்து வந்த முன்பக்கம், முதுகு, கை எல்லாவற்றிலும் ஒரே எண் போட்ட சின்ன ஸ்டிக்கர் ஒட்டி, கட்டுக்கட்டாகக் கட்டி லைனுக்கு அனுப்புவார்கள். பதினேழாம் எண் உடம்புக்குப் பதினேழாம் எண் கை. ஸ்டிக்கர் கடைசியில், நூல் வெட்டும் மேசையில்தான் உரிக்கப்படும். கை பொருத்தும்போது இந்த ஸ்டிக்கர் மிஷின் பாதத்துக்கு அடியில் மாட்டும். அதை உரித்து வேறு இடத்தில் ஒட்டிவிட்டுத் தைக்க, கைக்கு ஏழு நொடி. சட்டைக்கு இரண்டு கை. பதினான்கு நொடி தண்டம்.

"கைக்கு ஸ்டிக்கரே வேணாம் அண்ணி. ஆரம்பத்துலயே உரிச்சிடலாம். கட்டு வரிசைப்படிதான வருது? மேல இருக்கற கை மேல இருக்கற சட்டைக்கு. நம்பர எதுக்குப் பாக்கணும்?"

அண்ணி யோசித்தார். "பதினோரு வருஷமா உரிச்சதில்லையே தம்பி."

"பதினோரு வருஷமா யாரும் நேரம் பாக்கலையே."

படித்த பிள்ளை சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவர் முகம் இளகியது. அந்த முகத்தை இப்போது நினைத்தால் எனக்குக் கூச்சமாக இருக்கிறது. புதன்கிழமை அறுநூற்றுப் பத்து. வியாழன் அறுநூற்று நாற்பது. வெள்ளி அறுநூற்று ஐம்பது. காலர் அக்கா என்னைக் கன்னத்தில் தட்டி, "டிகிரின்னா சும்மாவா" என்றார். நான் அன்று மாலை பேருந்தில் ஜன்னலோரம் நிமிர்ந்து உட்கார்ந்து வந்தேன்.

சனிக்கிழமைக்கு ஐநூற்று ஐம்பது தைத்தால் போதும். காலையில் அண்ணி எழுதியது, 'நிற்காதே. நின்றால் பாதை நீளும்.' பதினொரு மணிக்குக் கையின் விளிம்பு மடிக்கும் மிஷின் நின்றுவிட்டது. மெக்கானிக் மூன்றாம் லைனில் வேறொரு மிஷினுக்கு அடியில் படுத்துக் கிடந்தார். அண்ணி கலங்கவில்லை. விளிம்பு மடிப்பது, பட்டி வைப்பது என்று இரண்டு பேர் செய்கிற இரண்டு வேலையையும் பட்டி வைக்கும் பெண்ணிடமே கொடுத்து, அந்த வாரம் காலியாகக் கிடந்த தன் மிஷினில் அவரை உட்கார வைத்தார். இடத்தைவிட்டு எழாமல் ஒவ்வொரு கையிலும் இரண்டையும் முடித்து வைத்துக்கொண்டே போனார் அந்தப் பெண். கை பொருத்தும் இன்னொரு மிஷினுக்குக் கை வந்துகொண்டே இருந்தது. நானே பக்கத்தில் நின்று, "சூப்பர் அண்ணி" என்றேன்.

இரண்டரை மணி இருக்கும். சாமான் லாரிக்காக லைன் கடைசியில் இருந்த பெரிய ஷட்டரைத் திறந்தார்கள். வெயில் உள்ளே விழுந்தது. தைத்து முடித்த சட்டை ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு அந்தப் பக்கமாக நடந்த அண்ணி, வெளிச்சத்தில் நின்றுவிட்டார். சட்டையைத் தூரப் பிடித்தார். பக்கத்தில் பிடித்தார்.

"தம்பி, இங்க வா."

வெளிர் நீலச் சட்டை. உடம்பு ஒரு நீலம். கை இன்னொரு நீலம். ட்யூப் லைட்டில் ஒன்றாகத் தெரிந்தது வெயிலில் இரண்டாகத் தெரிந்தது. ஒரே நிறம் என்று வாங்கும் துணியானாலும் ஒரு சுருளுக்கும் அடுத்த சுருளுக்கும் ஒரு மயிரிழை வித்தியாசம் இருக்கும். அதற்காகத்தான் அந்த எண்.

"வரிசைப்படிதான வருது?" என்றேன். என் குரல் எனக்கே சின்னதாகக் கேட்டது.

அண்ணி கண்ணை மூடிக்கொண்டு விரலால் காற்றில் எதையோ அடுக்கினார். பிறகு சொன்னார்: "கட்டுல மேல இருக்கறத எடுத்துத் தைப்போம், முடிச்சத பக்கத்துல வெப்போம், அதும்மேல அடுத்தது. அப்போ மேல இருந்தது அடியில போயிடும்ல? ஒவ்வொரு மிஷின்லயும் கட்டு ஒருவாட்டி தலைகீழா ஆகும். கை ரெண்டு மிஷினைத் தாண்டி வரும். ரெண்டுவாட்டி ஆனா பழையபடி நேரா வந்துடும். நீ சொன்னது மூணு நாளா சரியாத்தான் இருந்துச்சு. இன்னிக்கு நான் ரெண்டு வேலைய ஒரே ஆள்கிட்ட குடுத்துட்டேன். ஒருவாட்டிதான் திரும்பியிருக்கு."

கணக்கில் பட்டம் வாங்கியவன் நான். இந்தக் கணக்கு என் அட்டையில் இல்லை.

பதினொரு மணிக்குப் பிறகு கை பொருத்தியது மொத்தம் நூற்றெண்பது சட்டை. சில கட்டுகள் முழுக்க ஒரே சுருளில் வெட்டியவை. அதில் கவலை இல்லை. சிலதில் பாதி ஒரு சுருள், பாதி வேறு. எது எது என்று சொல்ல ஸ்டிக்கர் இல்லை. ஒவ்வொன்றையும் வெயிலில் பிடித்துத்தான் பார்க்க வேண்டும். பார்த்துப் பிரிக்க வேண்டும். பிரித்து மறுபடி தைக்க வேண்டும். இலக்குக்கு இன்னும் இருநூற்று நாற்பது சட்டை பாக்கி. மூன்று மணி நேரம்தான் இருந்தது.

காலர் அக்கா எழுந்து வந்து சட்டையைப் பார்த்தார். ஷட்டருக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு தணிந்த குரலில் சொன்னார்: "ஏய், எனக்கே தெரியல. செக்கிங்லயும் ட்யூப் லைட்டுதான். ஓட்டிடு. இன்னிக்கு ஒருநாள். உன் முதுக நினைச்சுப் பாரு."

அண்ணி அடுத்த சட்டையை எடுத்து வெயிலில் பிடித்தார்.

"போர்டுல என்னடி எழுதியிருக்க? நிற்காதேன்னு நீதான எழுதின?"

"ஆமா, நான்தான் எழுதினேன். அதனால அத நான் கேக்கலன்னா யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க."

போய் லைனின் மெயின் சுவிட்சை இறக்கினார். லைன் முழுக்க இரைச்சல் சட்டென்று அறுந்தது. எட்டாம் லைனும் பத்தாம் லைனும் ஓடுகிற சத்தம் அப்போதுதான் தனித்தனியாகக் காதில் விழுந்தது. எல்லோரும் தலையைத் தூக்கினார்கள். சோதனை வாரத்தில், அதுவும் கடைசி நாளில், யாரும் அந்த சுவிட்சைத் தொட்டதில்லை.

ஃப்ளோர் மேனேஜர் ஓடி வந்தார். காதில் சொருகிய பேனா கீழே விழுந்தது, எடுக்கவில்லை. "கரன்ட் போச்சா?"

"இல்ல சார், நான்தான் நிறுத்தினேன்." சட்டையை வெயிலில் பிடித்துக் காட்டினார்.

மேனேஜர் பார்த்தார். அவர் முகம் சுண்டிப்போனது. "கைல ஸ்டிக்கர் எங்க? யாரு உரிக்கச் சொன்னா?"

"நான்தான் சார்" என்றேன். லைனில் இருந்த எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"இவன் சொன்னான். சரின்னு சொன்னது நான். வேலைய மாத்திக் குடுத்ததும் நான். லைன் என்னோடது சார்" என்றார் அண்ணி. குரலை உயர்த்தவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை.

"டார்கெட் போயிடும்மா. தெரியுதா?"

"தெரியுது சார். நீங்க திட்டறதுன்னா நடந்துகிட்டே திட்டுங்க, நேரம் போகுது."

இரண்டு பெரிய மேசைகளை ஷட்டர் வாசலுக்கு இழுத்தார்கள். அண்ணி ஒவ்வொரு சட்டையாகத் தூக்கிப் பிடித்து, வலப்பக்கம், இடப்பக்கம் என்று போட்டுக்கொண்டே போனார். எழுபத்து நாலு சட்டை இடப்பக்கம் விழுந்தது. தையல் பிரிக்கிற சின்னக் கத்திகளை ஆளுக்கொன்றாகக் கொடுத்தார். எனக்கும் ஒன்று.

"நானுமா அண்ணி?"

"நீ இல்லாமயா? கட்டு தலைகீழாத்தான போயிருக்கு. முதல் சட்டையோட கை கடைசி சட்டைல இருக்கும். எதோட கை எதுலன்னு நீ கணக்குப் போட்டுச் சொல்லு. அப்படியே பிரிக்கவும் செய்."

நான் முதலில் பிரித்த சட்டையில் தையலோடு துணியையும் சேர்த்துக் கிழித்தேன். காலர் அக்கா, "டிகிரி கிழிக்குதுடி" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், அன்று மதியத்துக்குப் பிறகு அந்த லைனில் கேட்ட முதல் சிரிப்பு. இரண்டாவது சட்டையில் துணி தப்பியது. பத்தாவது சட்டைக்கு மேல் கை தானாகப் போனது. ஐந்தரை மணிக்கு எழுபத்து மூன்று சட்டைகள் சரியான கையோடு மேசையில் இருந்தன. கிழிந்த ஒன்று என் கணக்கில்.

அன்றைய உற்பத்தி முந்நூற்று அறுபத்திரண்டு. வாரத்துக்கு மூவாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு. இலக்கு விட்டுப்போனது.

மேனேஜர் கண்ணாடி அறைக்குள் கூப்பிட்டார். என்னையும் கூடவே வரச் சொன்னார். அண்ணியை உட்காரச் சொன்னார், அவர் உட்காரவில்லை. மேனேஜர் கெட்டவர் இல்லை. ஆனால் அவருக்கும் மேலே பதில் கேட்கிற ஆட்கள் இருக்கிறார்கள்.

"நல்ல வேளை பாத்தீங்க. அனுப்பியிருந்தா மொத்த லாட்டும் திரும்பி வந்திருக்கும். ஆனா டார்கெட் டார்கெட்தான். அதனால ஒண்ணு பண்ணலாம். இன்னும் ஒரு வாரம் ட்ரையல் வெச்சிக்கலாம்."

அண்ணி அதற்கு 'சரிங்க சார்' என்று சொல்லிவிடுவார் என்றுதான் நினைத்தேன். பதினோரு வருடமாக அவர் அந்த அறையில் வேறெதுவும் சொன்னதில்லை.

"வேணாம் சார்."

"என்னது?"

"ட்ரையல் போதும் சார். ஓட்டவும் தெரியும்னு மூணு நாள் பாத்துட்டீங்க. நிறுத்தவும் தெரியும்னு இன்னிக்குப் பாத்துட்டீங்க. இதுக்கு மேல அடுத்த வாரம் புதுசா ஒண்ணும் காட்டறதுக்கு எங்கிட்ட இல்ல. போடறதுன்னா போடுங்க. இல்லன்னா சொல்லிடுங்க, நான் முதுகப் பாத்துக்கறேன்."

மேனேஜர் மேசைமேல் பேனாவைத் தேடினார். அது இன்னும் லைனில்தான் கிடந்தது. "திங்கக்கிழமை வாங்க. பேசிட்டுச் சொல்றேன்" என்றார்.

வெளியே வந்ததும் அண்ணி சுவரைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, நான் என்ன சொன்னேன் உள்ள?" என்று கேட்டார். அவர் சொன்னதை அப்படியே சொல்லிக் காட்டினேன். "ஐயையோ" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை வீடு அமைதியாக இருந்தது. அண்ணன் ஒரு வார்த்தை கேலி பேசவில்லை. அதுவே அண்ணியைக் கலவரப்படுத்தியது. "என்னங்க, ஏதாவது சொல்லுங்களேன். நீங்க பேசாம இருந்தா வேலை போயிடுச்சுன்னே தோணுது."

அண்ணன் பொருத்திக்கொண்டிருந்த ஜன்னல் சட்டத்தைக் கீழே வைத்தார். "நான் என்னத்தச் சொல்ல? எங்க முதலாளிகிட்ட நான் ஒருநாள்கூட அப்படிப் பேசினதில்ல" என்றார். பிறகு எழுந்துபோய் டீ போட்டு வந்தார். மூன்று டம்ளரிலும் சர்க்கரை போட மறந்திருந்தார். யாரும் சொல்லாமல் குடித்தோம்.

நான் அண்ணியிடம் மன்னிப்புக் கேட்க மூன்று முறை வாயெடுத்தேன். மூன்றாவது முறை அவரே தடுத்தார். "மூவாயிரத்து அறுநூறுக்கு மூவாயிரத்து நானூத்திப் பன்னெண்டு. தொண்ணூத்திநாலே முக்கால் சதவீதம். சரியா?"

"சரி அண்ணி."

"அப்போ பாடம் சரியாத்தான் சொல்லிக்குடுத்திருக்க. விடு."

திங்கட்கிழமை நாங்கள் வழக்கமான பேருந்தில்தான் போனோம். ஒன்பதாம் லைனுக்குள் நுழைந்ததும் கால் பழக்கத்தில் நேராக அவர் மிஷினுக்குப் போனது. போனவர் அங்கேயே நின்றுவிட்டார்.

அந்த மிஷினில் வேறொரு பெண் உட்கார்ந்திருந்தார். புதிதாகச் சேர்ந்தவர், ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார்.

"நீ யாரும்மா?"

"இன்னிக்குத்தான் சேர்ந்தேன் அக்கா. கை வெக்கறதுக்கு. மேனேஜர் இந்த மிஷின்ல உட்காரச் சொன்னாரு."

அண்ணி என்னைப் பார்த்தார். நான் தொலைவில் கண்ணாடி அறையைப் பார்த்தேன். மேனேஜர் யாரிடமோ போனில் பேசிக்கொண்டே, தலையைத் தூக்காமல், கையை மட்டும் லைன் பக்கம் வீசினார். போய் லைனை ஓட்டுங்கள் என்பதுபோல. பதினோரு வருடத்துக்கு அவர் அளித்த விழா அவ்வளவுதான்.

காலர் அக்கா வாய்க்குள் விரலை வைத்து ஒரு விசில் அடித்தார். மெயின் சுவிட்ச் ஏறியது. லைன் இரைய ஆரம்பித்தது. அண்ணி முந்தானையால் கண்ணை ஒற்றிக்கொண்டு, புதிய பெண்ணின் முதுகில் கை வைத்தார்.

"இவ்ளோ குனியாதம்மா. எழுந்திரு. முதல்ல ஸ்டூல ரெண்டு சுத்து ஏத்திக்கலாம்."